தெருமுனை வரைக்கும்

மூன்றாவது நாளும் வண்டி தெருமுனை வரைக்கும்தான் போனது.

வீட்டு வாசலில் ஒரே உதையில் கிளம்பியது. சமர்த்தாகத் தெருவைத் தாண்டியது. முனையில் இருக்கும் மெக்கானிக் கடைக்கு நேரே வந்ததும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுகொண்டது.

"இந்த வண்டிக்கு உங்க கடை மேல அப்படி என்ன பாசம்?" என்றாள் கணக்கு டீச்சர்.

கேலியாகக் கேட்டாலும் உள்ளுக்குள் பயம்தான். வேலைக்குச் சேர்ந்து வருஷம் முடிய ஒரு வாரம் பாக்கி. தாமதமாக வந்ததற்கு வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே திங்கள் ஒரு சிவப்புக் கோடு, செவ்வாய் ஒரு சிவப்புக் கோடு. "மூணு வரைக்கும் பொறுத்துக்கலாம். நாலாவது விழுந்தா வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாது" என்று தலைமையாசிரியை நேற்றே சொல்லிவிட்டார். இன்று மூன்றாவது.

திங்கட்கிழமை மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். செவ்வாய்க்கிழமை ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுத்தார். இரண்டு நாளும் சாயங்காலம் வண்டி ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. காலையில் பழைய குருடி கதவைத் திறடி.

இன்று குனிந்து பார்த்த மெக்கானிக் குனிந்தபடியே கேட்டார்.

"டீச்சர், பெட்ரோல் டேப்ப யாரு மூடினது?"

"டேப்பா? அது எங்க இருக்கு?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டியைக் கொடுத்த அண்ணன் நடத்திய பாடமே மூன்று வரிதான். ஏறி உட்காரு, உதை, போ.

மெக்கானிக் டேங்குக்கு அடியில் இருந்த சின்னத் திருகைக் காட்டினார். "இத மூடிட்டா டேங்குல இருந்து பெட்ரோல் இறங்காது. கார்புரேட்டர்ல மிச்சம் கிடக்கறத வச்சு வண்டி கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் நின்னுடும்."

"ரெண்டு நாளா இத நீங்க பாக்கலியா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வேலை முடிஞ்சதும் கை தன்னால திறந்து விட்டுடும் டீச்சர். மூடியிருந்ததான்னு யாரு பாத்தா? ஆனா இது தானா மூடிக்காது. யாரோ வேணும்னேதான் மூடறாங்க."

யாரோ என்ன யாரோ. டீச்சருக்கு ஆளே தெரிந்துவிட்டது.

கீழ் வீட்டுத் தையல்காரர்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவள் மாடிக்குக் குடிவந்த இரண்டாம் நாளே அந்த மனிதர் வந்து நின்றார். "அம்மா, வண்டிய எங்க ஜன்னலுக்குக் கீழ நிறுத்தியிருக்கீங்க..." என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. "வாடகையில அந்த இடமும் சேர்த்திதாங்க. என் வண்டியப் பத்தி நீங்க பேச வேண்டாம்" என்றாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்தியது. மூன்று நாளாக மனிதர் கடையைத் திறக்கவில்லை. எதிரில்கூட வருவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். நாலு பேருக்கு அளவெடுக்கிறவர், என் வேலையைக் கெடுக்க இப்படி அளவாகக் கத்தரி போடுகிறாரே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

கையும் களவுமாகப் பிடித்து, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். சாயங்காலம் திருத்த வேண்டிய நோட்டுகளை மூட்டையாக ஒதுக்கிவிட்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தாள்.

ஏழு மணி இருக்கும். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வந்தது தையல்காரர் இல்லை, அவர் மனைவி. நேரே வண்டியிடம் போய் டேங்குக்கு அடியில் கையை விட்டாள்.

டீச்சர் தடதடவென்று இறங்கினாள். "இப்ப உங்களையும் அனுப்ப ஆரம்பிச்சுட்டாரா?"

அந்த அம்மாள் துளிகூடத் திடுக்கிடவில்லை. "நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. இத இப்படித் திருப்பினா மூடுமா, அப்படித் திருப்பினா மூடுமா? தினம் குழம்புது எனக்கு."

"எதுக்குங்க மூடணும்? நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினேன்?"

"உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? வண்டிக்குள்ள ஏதோ ஊசி தேஞ்சுபோச்சாம். மூடாம விட்டா ராத்திரி முழுக்க பெட்ரோல் சொட்டுது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டி இருக்கு, நாங்க படுக்கறதும் அங்கதான். அதச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தாரு. நீங்க கோவமா இருந்தீங்க, திரும்பிட்டாரு."

டீச்சருக்கு முகம் சுட்டது. ஆனாலும் விடவில்லை. "வீட்டு ஓனர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'அவர்கிட்ட சொன்னா வண்டிய உள்ளயே விடமாட்டாரு, பாவம் அந்தப் பொண்ணு எப்படி வேலைக்குப் போகும், நானே பாத்துக்கறேன்'னுட்டாரு. நாலு மாசமா தினமும் மூடறாரு."

கணக்கு டீச்சருக்குக் கணக்கு உதைத்தது. "நாலு மாசமாவா? எனக்கு மூணு நாளாத்தானே வண்டி நிக்குது?"

"நிக்குதா?" அந்த அம்மாள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு நாளா அவருக்குக் காய்ச்சல், டீச்சர். மூடிட்டு வான்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாரு. நாலு மாசமா விடியக்காலை எழுந்து, நீங்க இறங்கறதுக்கு முன்னாடி அவர் எதுக்கு வண்டிகிட்டப் போயிட்டு வந்தாருன்னு எனக்கே இப்பத்தான் புரியுது."