நாற்காலிக் கூட்டம்

முதல் அநியாயம், எழுபத்தொன்பதில்: முதுகு சாய முடியாத மர நாற்காலிகள். இரண்டாவது, எண்பதில்: நெஞ்சு உயரத்துக்கு மேசைகள், ஒரு மணி நேரம் எழுதினால் தோள் கழன்றுவிடும். மூன்றாவது, எண்பத்தொன்றில்: படிப்பவன் தலை நிழல் புத்தகத்தின்மேலேயே விழும்படி மாட்டிய விளக்குகள்.

மூன்றுக்கும் சூசைநாதன் மனு எழுதினார். மூன்றும் ஏதோ இழுப்பறையில் தூங்கின.

துறைமுகத் தொழிற்சங்கத்தில் பதினைந்து வருடம் கொடி பிடித்தவர். இப்போது பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் அடுக்குவோரின் மேற்பார்வையாளர். விடுவாரா?

மறு வருடம் நிர்வாகமே இறங்கி வந்தது. வாசகர், ஊழியர் எல்லோருக்கும் குறை கேட்டுப் படிவம் கொடுத்தது. இன்று கூட்டம். குறைகள் உண்மையென்று தெரிந்தால் இருநூறு புது நாற்காலிகள்.

"எல்லாப் படிவத்தையும் பேரோட சத்தமா படிங்க, மேடம்," என்றார் சூசைநாதன், நூலகர் பிரிஜட்டிடம்.

"சிலருக்குச் சங்கடமா இருக்குமே, மிஸ்டர் சூசைநாதன்."

"இருக்கட்டும். பேரை மறைச்சா நியாயம் கிடைக்காது. சாட்சிக்கு இத்தனை பேர் இருக்கோம்லா."

"அங்கிள் கோர்ட்டே வச்சுட்டாரு," என்று மாணவன் பாலகிருஷ்ணன் சிரித்தான்.

முதுகு வலி, கழுத்து வலி, கண் எரிச்சல். படிக்கப் படிக்க சூசைநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிர்வாக அதிகாரி தலையாட்டி, நாற்காலிகளுக்கு ஒப்புக்கொண்டார்.

கடைசிப் படிவத்தைப் பார்த்ததும் பிரிஜட் தயங்கினார். மூன்றாம் மாடியில் புத்தகம் அடுக்கும் அல்போன்சம்மாள் எழுதியது. அவள் சுவரோரம் தலை குனிந்து நின்றாள்.

"படிங்க, மேடம்."

"'காலை எட்டு முதல் ஐந்து வரை நிற்கிறேன். கால் வீங்கிவிட்டது. டாக்டர் இடையிடையே உட்காரச் சொன்னார். அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டேன். வாசகருக்கு வேண்டுமென்று எடுத்துப் போனார்கள். மூன்று தடவை. யாருடையது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான்.'"

சூசைநாதனுக்கு ரத்தம் கொதித்தது. நாள் முழுக்க நிற்கிற பெண்ணின் ஸ்டூலையா? எழுந்தே விட்டார்.

"எடுத்தது யாருன்னு எழுதியிருக்குல்ல? அதையும் படிங்க."

"வேணாம் மேடம்," என்றாள் அல்போன்சம்மாள் மெதுவாக.

"பயப்படாதம்மா. நான் இருக்கேன்."

பிரிஜட் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்:

"'எடுத்தவர் பெயர்: மேற்பார்வையாளர் சூசைநாதன்.'"