சூயஸ் கால்வாயும் கால் றாத்தல் கருவாடும்

எழுத்தாளர் கணேசமூர்த்தி உலக அரசியல் பேசினால், லிந்துலை ஊரே தேநீரை ஆறவிட்டுக் கேட்கும்.

“சூயஸ் கால்வாயில வெள்ளைக்காரன் குண்டு போடுறான். எகிப்துக்காரன் அசையல!”

“கடைசியில யாருங்க ஐயா ஜெயிப்பாங்க?” தேநீரும் மளிகையும் விற்கும் கடையே எழுந்து நின்றது.

“நாளைக்குச் சொல்றேன்.” அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது. நாலு வருஷமாகச் சேர்த்த மரியாதை இந்த ஒரு பதிலில் தொங்கியது.

அவர் மெல்லப் போய், கடைக்காரர் பைஸரின் காதருகே குனிந்தார். “முதலாளி, எனக்குச் சீனி சுத்திக் குடுத்த பழைய பேப்பர் பாதியிலயே கிழிஞ்சிருக்கு. மீதி எங்க?”

“அதுலதான் அம்மாக்கண்ணுக்குக் கால் றாத்தல் கருவாடு கட்டிக் குடுத்தேன்!” என்றார் பைஸர், அடுத்த ஊர் அக்கரப்பத்தனை வரை கேட்கும்படி.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்ற அம்மாக்கண்ணு சொன்னாள்: “வெள்ளைக்காரனுங்க அப்பவே மூட்டை கட்டிட்டானுங்க. ஆனா, சண்டை எதுக்கு வந்துச்சு ஐயா? அந்தப் பாதி ஒங்ககிட்டதானே இருக்கு?”