டிக்‌ஷனரி மாப்பிள்ளை

"பேரைக் கேட்டா ஐடி கார்டை நீட்டறான். வாயைத் திறந்தா டிக்‌ஷனரி கொட்டுது. இப்படி ஒரு மாப்பிள்ளையை நான் பாத்ததே இல்லக்கா" என்றாள் குளோரியா.

அக்கா என்று அவள் கூப்பிட்டது எதிர்வீட்டு ஜோசஃபினை. குளோரியா பெங்களூர் நீலசந்திராவுக்குக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. ஜோசஃபினின் மகள் ஜூடித்துக்கு இந்த வரனைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

ஜூடித்துக்கு முப்பது தாண்டிவிட்டது. முன்பு வந்த இரண்டு வரன்களையும் வேண்டாம் என்று தலையாட்டி அனுப்பியவள் அவளேதான். இதுவும் தட்டிப்போனால் இன்னொன்றைத் தேட ஜோசஃபினுக்குத் தெம்பு இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் க்ளென் தன் அக்காவோடு பெண் பார்க்க வந்திருந்தான். ஏன் தாமதம் என்று விசாரித்ததற்கு "அன்அவாய்டபிள் இன்டரப்ஷன்" என்றான். குளோரியா அன்றைக்கே போனில் அர்த்தம் தேடிவிட்டாள். தவிர்க்க முடியாத இடையூறாம்.

"டிராஃபிக்னு சொன்னா வாய் வெந்துடுமா? பெங்களூர்ல பொறந்த கொழந்தைகூட அம்மாவுக்கு அடுத்து அதைத்தான் சொல்லுது."

அதோடு விட்டானா? வேலை எங்கே என்றால் எல்லாரையும்போல பீன்யா என்று சொல்லாமல், "இண்டஸ்ட்ரியல் ஏரியா" என்றான். காபியா, டீயா என்றால் "எனிதிங் அக்செப்டபிள்", எதுவானாலும் ஏற்கத்தக்கது. பிரியாணி எப்படி என்றால் "எக்ஸ்ட்ராடினரி", அசாதாரணம். போகும்போது ஜோசஃபினின் பெயின்ட் உதிர்ந்த வீட்டை அண்ணாந்து பார்த்து "அகாமடேஷன் எக்ஸலன்ட்" என்றான். அதற்கு உன்னதமான தங்குமிடம் என்று அர்த்தம் வந்தது. குடியிருக்கிற வீட்டை லாட்ஜ் ஆக்கிவிட்டான் என்பது குளோரியாவின் மனத்தாங்கல்.

ஜூடித்தோ அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. "நீ தலையை மட்டும் ஆட்டு, மத்ததை நான் பேசிக்கறேன்" என்று ஜோசஃபின் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று குளோரியா தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள். குளோரியா இருக்கும் இடத்தில் மற்றவர்கள் அடக்கமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பது தனிக்கதை.

இன்று க்ளென் முடிவு கேட்கத் தனியாக வந்திருந்தான். இருவரும் மாடிக்குப் போய்ப் பேசட்டும் என்று ஜோசஃபின் அனுப்பி வைத்தாள். உடனே குளோரியாவுக்குத் துணி எடுக்கும் வேலை வந்துவிட்டது. துணி காய்ந்தது அவள் வீட்டு மாடியில். அவள் ஏறியது என்னவோ ஜோசஃபின் வீட்டுப் படியில்.

பாதிப் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு ஜூடித்தின் குரல் நிதானமாக வந்தது.

"அகாமடேஷன், இன்டரப்ஷன், எக்ஸலன்ட்... எல்லாமே உயிரெழுத்து. ஏன்?"

க்ளென் அங்குமிங்கும் நடக்கும் சத்தம் கேட்டது.

"அந்த இண்டஸ்ட்ரியல் ஏரியா எது?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது. அப்புறம், "ப்... ப்..." என்று எதையோ உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். "ப்... பீன்யா."

குளோரியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

க்ளென் திக்கித் திக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். க, ட, ப என்று தொடங்கினால் நாக்கு கல்லாகிவிடும். ஸ்கூலில் வகுப்பு மொத்தமும் சிரித்த பிறகு டிக்‌ஷனரியைப் பிடித்துக்கொண்டான். எத்தனை நீளமான வார்த்தையாக இருந்தாலும் சரி, உயிரெழுத்தில் தொடங்கினால் அது அவனுக்கு வழிவிடும். ஆனால் பெயருக்கு வேறு வார்த்தை எந்த டிக்‌ஷனரியிலும் இல்லை, கல்யாண வாக்குறுதியிலும் இல்லை.

"ஆல்டர்ல நின்னு, 'க்... க்ளென் ஆகிய நான்'னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். என்னால உங்களுக்கு அவமானம் வேணாம். அம்மாகிட்ட இஷ்டமில்லைன்னு சொல்லிடுங்க."

இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? குளோரியா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"மோசம் போயிட்டோம்க்கா. பையன் திக்குவாய். நல்லவேளை, கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது. கொண்டுவந்தவ நான்தான், நானே வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்."

ஜோசஃபின் கரண்டியைக் கீழே வைத்தாள். "நிஜமாவா?" என்று கேட்டபோது அவள் முகம் தெளிந்து, உதட்டோரம் சிரிப்புகூட எட்டிப்பார்த்தது. பாவம், அதிர்ச்சியில் புத்தி பிசகிவிட்டது என்று குளோரியா முடிவுகட்டினாள்.

மாடியிலிருந்து இருவரும் இறங்கி வந்தார்கள். க்ளென் வாசலில் தலையைக் குனிந்தபடி ஷூவுக்குள் காலை நுழைத்தான். குளோரியா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாருப்பா, எங்க பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

ஜூடித் கையமர்த்தினாள். எல்லாரும் அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார்கள். அவளோ இந்தமுறை வாயைத் திறந்தாள்.

"ச... ச... சம்மதம், ஆன்ட்டி. ஃபாதர்கிட்ட ம... மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. க... க... கல்யாணத்தன்னிக்குப் பேர் சொல்ல எங்க ரெண்டு பேருக்குமே ந... நேரமாகும்."