உரிமம் இல்லாத துப்பாக்கி

"என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கிற துப்பாக்கியைப் பிடுங்கிக்கோங்க சார். குடிச்சுட்டு வந்தா என் நெத்தியில வெச்சு அழுத்துறாரு" என்றாள் அந்தப் பெண், உட்காரக்கூடச் செய்யாமல்.

துப்பாக்கி உரிமம் வழங்கும் அதிகாரி நிமிர்ந்தார். "லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல சார். அவரு வந்து..."

"அப்போ வேலை சுலபம். இன்னிக்கே ஆளை உள்ள தள்ளிடலாம். கண்டவன் கையிலயும் துப்பாக்கி போறதுக்கு இது என்ன பொம்மைக் கடையா? ஆளோட புத்தி, நடத்தை எல்லாத்தையும் துருவி விசாரிச்சுட்டுத்தான் நான் கையெழுத்தே போடுவேன். ஜனங்க உயிருக்கு அரசாங்கம்தானேம்மா பொறுப்பு?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. ஆயுதத்தோட ஒரு போலீஸ்காரரை உங்க வீட்டுக்கே காவலுக்கு அனுப்புறேன்."

"ஐயோ, வேணாம் சார்!"

"ஏன்? சரி, அந்தத் துப்பாக்கியை அவருக்கு எந்தத் திருட்டுப் பய குடுத்தான்? அதையாவது சொல்லுங்க."

"அரசாங்கம் குடுத்தது சார். உங்க ரூம் வாசல்ல காவலுக்கு நிக்கிறாரே, அவருதான் என் வீட்டுக்காரர். டீ குடிக்கப் போன நேரம் பாத்து உள்ள வந்தேன்."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது. அதிகாரி பூனைபோல எழுந்து போய், கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா" என்றார்.