ஆறு நிமிட வீடியோ

மார்ச் மூன்றாம் தேதி, கிளினிக்கின் காத்திருப்பு அறையில் டிவி மாட்டினார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதில் ஆறு நிமிட வீடியோ பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜூன் மாதம், அப்படிக் கையெழுத்துப் போட்ட தையல்காரர் ஒருவர் அந்த மாத்திரையோடு மூட்டுவலி மாத்திரையையும் விழுங்கி ரத்த வாந்தி எடுத்தார். அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பழைய மருந்துச் சீட்டு வாங்கக் கிளினிக்குக்கு வந்த அவர் மனைவி மேல் டாக்டர் எரிந்து விழுந்தார்.

"வலி மாத்திரை கூடவே கூடாதுன்னு வீடியோல நானே தொண்டை கிழியச் சொல்லியிருக்கேனே! கண்ணு எங்கம்மா இருந்துச்சு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டிவியிலதான் இருந்துச்சு. உங்க வாய் அசைஞ்சுது, சத்தம்தான் வரல. கேட்டா, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்கன்னாங்க."

டாக்டர் நர்ஸிடம் சீறினார். "எந்த மடையன் சத்தத்தை நிறுத்தினது?"

"நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க, சார். மாட்டின அன்னிக்கே. ஸ்டெதாஸ்கோப்ல ஒண்ணும் கேக்கலன்னு கத்தினீங்க."

அதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.