அட்டைப் படத்துக் கை

பம்ப்செட் கம்பெனியின் புது ஃபைல் அட்டைக்கும் பழைய படமே போதும் என்றார் முதலாளி அருணகிரி. அவரும் கூட்டாளி தாவூதும் கைகுலுக்கும் படம் அது. மணிக்கட்டுக்கு மேல் எதுவும் தெரியாது. “இப்ப அவர் பிரிஞ்சு போயிட்டாரும்மா. அவர் கையை மட்டும் எடுத்துடுங்க.” அச்சகத்தில் டிசைன் செய்யும் ஜெஸிந்தா, அருணகிரியின் விரலில் கிடந்த பச்சைக்கல் மோதிரத்தைப் பார்த்தாள். படத்தில் அதே மோதிரம் போட்ட கையை விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். அட்டையின் குறுக்கே ஒற்றைக் கை நீண்டிருந்தது. அருணகிரி திரையைக் கூர்ந்து பார்த்தார். “நீங்க அழிச்சது என் கையம்மா. மோதிரம் அப்ப அவர் விரல்ல இருந்துச்சு. போறப்பதான் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு.” “ஐயோ, மாத்திடுறேன் சார்” என்று அவள் மவுஸைத் தொட்டாள். “இருங்கம்மா” என்றார். அவருடைய வலது கை மேசையை விட்டு எழும்பி, திரையில் நீண்டிருந்த கைக்குப் போகும் பாதி வழியில் நின்றிருந்தது.