சாவி இல்லாம அசையாது

மகன் கவினின் மவுண்டன் பைக்கில் முன்சக்கரத்தை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஆத்திரம் தாங்காமல் ஸ்கூடாய் டவுனிலிருந்த சைக்கிள் கடைக்கு வந்தாள் தனலெட்சுமி.

“லீவரைத் தூக்குனா சக்கரம் கழண்டுருது. நல்ல லாக்கா குடு தம்பி. புள்ள சோறுகூட எடுக்காம கெடக்கு.”

“அலன் கீங்கிற ஆறுமூலைக் கம்பியால திருகுறதை எவனும் கழட்டிருவான்லா அக்கா. சாவியோட வர்றதை எடுங்க, சாவி இல்லாம அசையாது” என்று பூட்டையும் சாவியையும் நீட்டினான் கடைக்கார ஆசிம்.

“சரி. பழைய சக்கரம் ஒண்ணு இருக்கா?”

கொண்டுவந்தான். விளிம்பில், அடையாளத்துக்கு அவளே வைத்த நகப்பூச்சுப் பொட்டு.

“இதை யாரு வித்தது?”

“கவின்னு ஒரு பையன், பாவம். அம்மா செத்துட்டாங்க, காரியத்துக்குக் காசில்லன்னு அழுதான்.”

தனலெட்சுமி பூட்டையும் சாவியையும் மேசையிலேயே வைத்தாள்.

“எப்படிச் செத்தாளாம் தம்பி?”